ஆழ்பனியில் சக்கர வீட்டை இழுத்துச் செல்வது

உறைந்த ஏரியின் மேல் நிறுத்தி மீன் பிடிப்பதற்கென்றே செய்யப்படும் சக்கர வீடு, தார்ச்சாலையில் வரும்போது சாதாரண டிரெய்லர்தான். 8 அடி அகலம், 16 முதல் 24 அடி நீளம், அடியில் கனமான இரும்புச் சட்டம். உள்ளே அடுக்குக் கட்டில், கேஸ் ஹீட்டர், சின்னச் சமையல் மேடை, தரையில் மூடி போட்ட துளைகள். ஏரியில் இடம் பார்த்து நிறுத்தியதும் ஓரத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரங்கள் மேலே மடங்கும், வீடு மொத்தமாக ஐஸின் மேல் உட்கார்ந்துவிடும். கைப்பிடிக்குப் பதில் ஹைட்ராலிக் வைத்த வீடுகளும் உண்டு. தரைத் துளைக்கு நேர் கீழே ஐஸைக் குடைந்து தூண்டிலை இறக்க வேண்டியதுதான் பாக்கி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ், அப்பர் ரெட் லேக், லேக் ஆஃப் த வுட்ஸ் போன்ற ஏரிகளில் குளிர்காலத்தில் இப்படி ஆயிரக்கணக்கான வீடுகள் நிற்கும். அந்த மாநிலத்தில் செய்யப்படும் ஐஸ் காசில் வீடுகள் கண்ணில் படாத ஏரி அங்கே குறைவு.

வெறும் ஐஸின் மேலோ, பனியை ஒதுக்கிய பாதையிலோ இந்த வீட்டை இழுப்பது பெரிய காரியமல்ல. இரண்டு மூன்று டன் எடை இருந்தாலும் வழுவழுப்பான கெட்டித் தரையில் சக்கரம் உருள்வதற்கு அதிக விசை வேண்டாம். முழங்கால் அளவுக்குப் பனி விழுந்துவிட்டால் நிலைமை தலைகீழ். நேற்று வரை சிறிய பிக்கப் இழுத்த வீட்டை இன்று பெரிய டிரக் கூட அசைக்க முடியாமல் நிற்கும். ஏரிக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை எஞ்சின் சக்தி போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இங்கே எஞ்சின் சக்தி கடைசியாகக் கவலைப்பட வேண்டிய சங்கதி.

பனிக்குள் உருளும் சக்கரம் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். முன்னால் இருக்கும் பனியைக் கீழே அமுக்க வேண்டும், அமுங்காததைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். டிரெய்லர் சக்கரம் சிறியது, டயர் குறுகலானது. ஆகவே ஆழமாகப் புதைகிறது. புதைந்த சக்கரம் எப்போதும் தனக்கு முன்னாலுள்ள பனிமேட்டின் மீது ஏறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அதாவது சமதரையிலேயே ஓயாத மேட்டு ஏற்றம். இதோடு முடிந்தால் பரவாயில்லை. ஐஸின் மேல் தாழ்ந்து உட்கார வேண்டிய வீடு என்பதால் சக்கரத்தை முழுக்க இறக்கினாலும் அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை அடிக்கு மேல் போகாது. பனி அதைத் தாண்டிய கணத்தில் வீட்டின் முன்புறச் சட்டம் பனியை வாரத் தொடங்கிவிடும். வாரிய பனி சிதறிப் போவதில்லை. சட்டத்துக்கு முன்னால் குவிந்து, இறுகி, சுவராகிறது. பத்து மீட்டர் போவதற்குள் டிரக் இழுப்பது வீட்டை அல்ல, வீட்டையும் ஒரு பனிச்சுவரையும் சேர்த்து.

அதே நேரத்தில் டிரக்கின் பிடிமானமும் குறைந்துகொண்டே போகும். சக்கரம் வழுக்கிச் சுழல ஆரம்பித்தால் உராய்வுச் சூட்டில் கீழே இருக்கும் பனி லேசாக உருகி மறுபடி உறைந்து கண்ணாடி போல ஆகிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

ஏரிப்பனி காட்டுப்பனி போல ஒரே சீராகக் கிடப்பதில்லை. தடுக்க மரமோ வேலியோ இல்லாத பரப்பு என்பதால் காற்று அதை இஷ்டப்படி அள்ளிக்கொண்டு போய் ஓரிடத்தில் மழித்து, இன்னோரிடத்தில் குவிக்கிறது. அரை அடிப் பனி விழுந்த மறுநாள், ஒரு பக்கம் வெறும் ஐஸ் பளபளக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி இடுப்பளவு பனிமேடு நிற்கும். இதனால்தான் நேர்வழியை விட வளைந்து போகும் வழி பல சமயம் சுலபமாக அமைகிறது. நடந்து பார்த்து, காற்று மழித்த திட்டுகளைக் கோத்துக்கொண்டு போகிறவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

வீடே ஒரு தடுப்பு என்பதையும் மறக்கக் கூடாது. காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்தில் வீட்டின் நிழலில் பனி நீண்ட வாலாகச் சேரும். டிரக்கோடு இணைக்கும் முன்தண்டு அந்தப் பக்கம் இருந்துவிட்டால், கிளம்பும் நாளில் முதலில் தோண்ட வேண்டியது அதைத்தான். மினசோட்டாவில் குளிர்காலத்தில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து காற்றடிக்கும். நிறுத்தும்போதே முன்தண்டைக் காற்றை நோக்கி வைத்துவிட்டால் பிற்பாடு மண்வெட்டி வேலை பெருமளவு மிச்சம். இவ்வளவு எளிய காரியத்தைப் பலர் கவனிக்காமல் விடுவது ஆச்சரியம்தான்.

ஆனால் ஆழ்பனியின் பெரிய தீங்கு சக்கரத்துக்கு நேர்வதல்ல, அடியிலுள்ள ஐஸுக்கு நேர்வது. பனி ஏரியின் மேல் ஒரு கம்பளிப் போர்வை. ஐஸ் வெப்பத்தைக் கடத்தும் அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் புதுப்பனி கடத்தாது. காற்று மைனஸ் 25 டிகிரியில் அடித்தாலும் அந்தக் குளிர் கீழே போய்ச் சேராது. ஐஸ் தடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே நிற்பவர் உறைந்து போகிற குளிரைக் கண்டு ஏரி இரவோடு இரவாக இறுகியிருக்கும் என்று நம்புகிறார். பனியில்லாத இடத்தில் அது சரி. பனி மூடிய இடத்தில் சரியல்ல.

அடுத்தது எடை. ஐஸ் தண்ணீரில் மிதக்கிறது. அதன் அடர்த்தி தண்ணீரைவிட எட்டு சதவீதம் அளவே குறைவு என்பதால், 40 செ.மீ. தடிமனுள்ள ஐஸ் பலகை நீர்மட்டத்துக்கு மேல் 3 செ.மீ. சொச்சம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அதை நீர்மட்டம் வரை அழுத்த ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ போதும். பூப்போல விழுந்த புதுப்பனியென்றால் அது ஓர் அடிக்குச் சற்று மேல். காற்று அடித்து இறுக்கிய பனியென்றால் 11 செ.மீ.யே அந்த எடைக்கு வந்துவிடும். அதற்கு மேல் பனி சேர்ந்தால் ஐஸ் பலகை நீர்மட்டத்துக்குக் கீழே அமிழும். விரிசல் வழியாகவும் தூண்டில் துளைகள் வழியாகவும் ஏரிநீர் மேலே ஏறி, பனியின் அடிப்பகுதியை நனைத்துச் சகதியாக்கும்.

இந்தப் பனிச்சகதிதான் சக்கர வீட்டின் முதல் எதிரி. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது; வெள்ளை வெளேரென்று காய்ந்த பனி. அதற்கடியில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் ஊறிய கூழ். மேல்பனி அதையும் போர்த்தி வைத்திருப்பதால் நாள் கணக்கில் உறையாமல் கிடக்கும். வண்டி அதன்மேல் ஏறியதும் சக்கரம் இறங்குகிறது, கூழ் டயரைச் சுற்றிச் சப்பென்று ஒட்டுகிறது. வண்டி நின்றுவிட்டால் இதுவரை குளிரிலிருந்து காப்பாற்றப்பட்டிருந்த கூழ் காற்றுக்குத் திறக்கப்பட்டு உறையத் தொடங்கும். ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டு நின்றால் சக்கரம், பிரேக் டிரம், அச்சு எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.

2022-23 குளிர்காலம் இதற்கு நல்ல சான்று. டிசம்பர் நடுவில், ஐஸ் இன்னும் இளசாக இருந்தபோதே, வடக்கு மினசோட்டாவில் ஈரமும் கனமுமான பனி கொட்டியது. சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில் அந்தப் பருவம் முழுதும் விழுந்த பனி 140 அங்குலம். அங்கே அதுவரை பதிவானதிலேயே அதிகம். குளிர் போதாமல் கெட்டுப்போகும் பருவம் எல்லோருக்கும் புரியும். பனி மிகுந்ததால் கெட்டுப்போகும் பருவம் ஏரியில் வண்டி ஓட்டியவர்களுக்குத்தான் புரியும்.

சகதி மெல்ல உறைந்தால் வெள்ளை ஐஸ் ஆகும். காற்றுக் குமிழிகள் நிறைந்த அந்த ஐஸ், அடியிலிருந்து தானாக வளரும் தெளிந்த ஐஸின் வலுவில் பாதி என்றே கணக்கில் எடுக்கப்படுகிறது. இடையில் உறையாத நீர் அடுக்கு சிக்கியிருப்பதும் உண்டு. துளையிடும் ஆகர் மொத்தம் 50 செ.மீ. இறங்கியது என்பதால் 50 செ.மீ. ஐஸ் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. துளைக்குள் பார்த்து, எத்தனை தெளிந்தது, எத்தனை வெள்ளை, நடுவில் ஈரம் உண்டா என்று பிரித்துத்தான் கணக்கிட வேண்டும்.

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த லோர்ன் கோல்ட் 1971இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஒரு சூத்திரம் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. தெளிந்த ஐஸின் தடிமனைச் செ.மீ.யில் எடுத்து அதன் வர்க்கத்தை 3.5ஆல் பெருக்கினால், எச்சரிக்கையான கணக்கில் அது தாங்கும் எடை கிலோவில் கிடைக்கும். 30 செ.மீ.க்கு 3,150 கிலோ, 40க்கு 5,600, 50க்கு 8,750. தடிமன் சற்றுக் குறைந்தாலும் தாங்கும் எடை வேகமாகச் சரிவதை இதில் பார்க்கலாம். மினசோட்டாவின் இயற்கை வளத் துறை பொதுமக்களுக்குத் தரும் வழிகாட்டுதலில் நடந்து போக 4 அங்குலம், பிக்கப் டிரக்குக்கு 13 அங்குலம், சக்கர வீட்டை இழுக்கும் கனரக டிரக்குக்கு 20 அங்குலம் என்று இருக்கிறது. டிரக்கும் வீடும் தனித்தனி வண்டிகள்தானே, எடை பிரிந்துவிடாதா என்று கேட்கலாம். பிரியாது. சுமை ஏறிய இடத்தில் ஐஸ் பல மீட்டர் அகலத்துக்குக் கிண்ணம் போல வளைகிறது. டிரக்கின் வளைவும் வீட்டின் வளைவும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.

பாதை நெடுக 150 அடிக்கு ஒரு முறையாவது துளையிட்டோ கடப்பாரையால் குத்தியோ பார்க்க வேண்டும் என்பது அதே துறையின் அறிவுரை. பனி ஆழமாக இருக்கும்போது இதைத் தவிர்க்க வழியே இல்லை, ஏனென்றால் விரிசலையும் ஈரத்தையும் கண்ணுக்குக் காட்டாமல் பனி மறைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் பிறகு வீட்டுக்கு வருவோம். சில நாள் ஒரே இடத்தில் நின்ற வீடு ஐஸோடு ஒட்டியிருக்கும். உள்ளே எரியும் ஹீட்டரின் சூட்டில் சட்டத்தின் ஓரம் லேசாக உருகும், இரவில் உறையும். காற்று புகாமல் இருக்க வீட்டைச் சுற்றி அணைத்து வைத்த பனி, துளையிலிருந்து பொங்கிய நீரை உறிஞ்சி சிமென்ட் போல இறுகும். போதாததற்கு, நாள்பட்ட சுமையின் கீழ் ஐஸ் மெல்லத் தொய்ந்து, வீடு நிற்கும் இடமே சிறு பள்ளமாகி, நீர் அங்கே வந்து தேங்கும். நிறுத்தும்போது சட்டத்துக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து வைப்பதும், சில நாளுக்கொரு முறை வீட்டைத் தூக்கி அசைத்து இறக்குவதும் இதற்காகத்தான்.

கிளம்பும் நாளில் முதல் அங்குலம்தான் பாடுபடுத்தும். பனியை வாரி எறிந்து சட்டத்தின் அடிவரம்பு முழுதும் வெளியே தெரிய வேண்டும். கடப்பாரையின் தட்டை நுனியைச் சட்டத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, சிறு சிறு குத்தாக, விளிம்பு நெடுக ஒரு காடி வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஆழமாக இறுகியிருந்தால் செயின் ரம்பத்தால் அறுப்பவர்களும் உண்டு. பிறகு நான்கு மூலைகளிலும் ஜாக்கி கொடுத்து, ஒரு மூலைக்குக் கொஞ்சம், அடுத்த மூலைக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஏற்றினால், ஓரிடத்தில் டப்பென்று வெடிக்கும் சத்தம் கேட்கும். அந்த மூலை விடுபட்டது. ஒரே மூலையை வேகமாக ஏற்றினால் விடுபடுவதற்குப் பதில் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கதவு அப்புறம் சேராது. ஒட்டியிருக்கும் வீட்டை டிரக்கால் வெட்டி இழுத்து விடுவிக்கப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம்; முன்தண்டு வளைந்துவிடும், அல்லது அச்சு பெயர்ந்துவிடும்.

நான்கு மூலையும் விடுபட்ட பின் சக்கரங்களை இறக்கி, அவற்றின் அடியில் பலகை கொடுக்க வேண்டும். அசைக்கும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது நல்லது. பிரேக் டிரம்முக்குள் ஈரம் உறைந்திருந்தால் சக்கரம் உருளாமல் சறுக்கிக்கொண்டே வரும்.

பாதை போடும் வேலை இதற்கு முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, டிரக்கின் முன்னால் தகடு மாட்டிப் பனியை ஒதுக்குவது. ஒதுக்கிய பாதையில் ஐஸ் குளிரைப் பார்க்கிறது, நாளாக நாளாகத் தடிக்கிறது. மில் லாக்ஸ் போன்ற ஏரிகளில் கரையோர விடுதிக்காரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பருவம் முழுதும் இப்படிப் பாதைகளைப் பராமரிப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒதுக்கிய பனி இருபுறமும் கரையாகக் குவிந்து அந்த இடத்து ஐஸை அமிழ்த்தும். பாதையோரத்தில் நெடுக விரிசல் விழுந்து நீர் கசியும். பாதை குறுகலாக இருந்தால் அடுத்த காற்றில் இரு கரைகளுக்கும் இடையே பனி நிரம்பிவிடும், முன்பைவிட ஆழமாக. ஆகவே தொடக்கத்திலேயே வீட்டின் அகலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விரித்து, கரையைத் தாழ்வாக வைப்பதே முறை.

இன்னொரு வழி, ஒதுக்காமல் மிதித்து இறுக்குவது. ஸ்னோமொபைலை ஒரே தடத்தில் பல முறை ஓட்டி, பனியை அமுக்கி, அப்படியே ஓர் இரவு விட்டுவிட வேண்டும். நசுங்கிய பனித்துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் ஒன்றோடொன்று பிணைந்து, காலையில் தடம் கெட்டியாகிவிடும். இந்தக் காத்திருப்பு மிக முக்கியம். மாலையில் புதைகிற அதே தடம் மறுநாள் காலையில் ஆளைத் தாங்கிக் காட்டும். அடியில் சகதி இருந்தால் மிதிப்பதில் இரட்டைப் பலன்: போர்வை நசுங்கி மெலிவதால் குளிர் இறங்கி, சகதியும் உறைகிறது. எனினும் கனமான வீட்டின் குறுகிய டயர் இறுகிய தடத்தையும் உடைத்துவிடலாம். அதனால் சக்கரத்துக்கு அடியில் அகலச் சறுக்குப் பலகையை மாட்டி, வீட்டை உருட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். எடை அகலமான பரப்பில் பரவுவதால் அது பனியின் மேலேயே நிற்கும். ஆழ்பனிக்குச் சக்கரத்தைவிடச் சறுக்கு மேலானது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இழுக்கும் வண்டிக்கும் இதே நியாயம்தான். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே இந்தத் திசையில் வழி திறந்தவர். 1934 குளிர்காலத்தில் பனி வழியை அடைத்துவிட்டதால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் அவருடைய இரண்டு வயது மகன் இறந்துபோனான். பனிமேல் ஓடும் வண்டிக்கான பற்சக்கர, பட்டை அமைப்புக்கு 1937இல் அவர் காப்புரிமை பெற்றார். அந்த வரிசையில் வந்த, 12 பேர் அமரும் பி-12 வண்டிகள் வின்னிபெக் ஏரி மீனவர்களிடமும் லேக் ஆஃப் த வுட்ஸ் விடுதிகளிலும் பல பத்தாண்டுகள் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தன. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரப்பர் பட்டைகளை மாட்டும் மாட்ராக்ஸ் நிறுவனம் 1990களில் மினசோட்டாவின் கார்ல்ஸ்டாட்டில் தொடங்கியது. பட்டை மாட்டிய பிக்கப், புதையாமல் பனியின் மேலேயே நடக்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள் டயரில் சங்கிலி கட்டுவார்கள். காற்றைக் குறைத்து டயர் பதியும் பரப்பை அகலமாக்குவார்கள்.

இழுக்கத் தொடங்கினால் மெதுவாக, ஒரே சீராக, நிற்காமல் போக வேண்டும். வளைவை அகலமாக எடுக்க வேண்டும். சட்டென்று திருப்பினால் வீட்டின் சக்கரங்கள் பழைய தடத்தை விட்டு இறங்கிப் புதுப்பனிக்குள் போய்விடும். மெதுவாகப் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐஸின் மேல் நகரும் சுமை அடியிலுள்ள நீரில் ஓர் அலையை எழுப்பித் தன்னோடு கூட்டிச் செல்கிறது. ஆழமில்லாத ஏரியில் அந்த அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: 4 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய மணிக்கு 22 கி.மீ. வண்டியும் அதே வேகத்தில் போனால் அலை பெருகி ஐஸ் அளவுக்கு மீறி வளையும். கரையை நெருங்கும்போது ஆபத்து கூடுவதும் இதனால்தான். ஜன்னல்களை இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றி வைத்து ஓட்டுவதே அங்கே பாதுகாப்பு விதி. உள்ளே விழுந்தால் வெளியேறச் சில நொடிகளே கிடைக்கும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டால் சுழற்றாமல் உடனே நிறுத்திவிட வேண்டும். சட்டத்துக்கு முன்னால் குவிந்த பனியை வாரி, சக்கரத்துக்கு முன் பலகை போட்டு, முடியாவிட்டால் டிரக்கைக் கழற்றி முன்னால் கொண்டுபோய்க் கெட்டியான இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நீளப் பெல்ட்டாலோ வின்ச்சாலோ இழுக்கலாம். இரும்புச் சங்கிலியும் கொக்கியும் போட்டு வெட்டி இழுப்பது கூடாது; அறுந்தால் கொக்கி குண்டு மாதிரி பாயும். உதவிக்கு வரும் இரண்டாவது டிரக் பக்கத்தில் வந்து நிற்பதும் கூடாது. ஏற்கெனவே அமிழ்ந்திருக்கும் ஐஸின் மேல் இன்னும் மூன்று டன் ஏற்றுவது அது.

பெரிய ஏரிகளில் குளிரின் ஏற்றத்தாழ்வால் ஐஸ் சுருங்கியும் விரிந்தும், கிலோமீட்டர் கணக்கில் விரிசலாகவோ, இரு பலகைகள் மோதி நிமிர்ந்த மேடாகவோ ஆகும். விடுதிக்காரர்கள் இவற்றின் குறுக்கே தூக்கி வைக்கும் பாலங்களைப் போட்டிருப்பார்கள். நேற்று இருந்த இடத்தில் இன்று பாலம் இருக்குமென்ற உறுதி கிடையாது, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் நாள்காட்டி ஒன்று இருக்கிறது. மினசோட்டா சட்டப்படி, தெற்குப் பகுதி ஏரிகளிலிருந்து மார்ச் முதல் திங்கட்கிழமைக்குள்ளும், வடக்குப் பகுதியிலிருந்து மூன்றாம் திங்கட்கிழமைக்குள்ளும், கனடா எல்லை நீர்நிலைகளிலிருந்து மார்ச் 31க்குள்ளும் வீடுகளை எடுத்துவிட வேண்டும். பருவத்தின் பனி அத்தனையும் சேர்ந்து கிடக்கிற, பகலில் இளகி இரவில் இறுகுகிற காலம் அது. கடைசி நாள் வரை காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே இறங்குதுறையில் வரிசை கட்டுவார்கள், வெயில் பட்ட கரையோர ஐஸ் அங்கேதான் முதலில் இளகும். இரண்டு வாரம் முன்பாக, உறைந்த அதிகாலையில் கிளம்புவதே புத்தி. வீட்டுக்கடியில் கொடுத்த மரக்கட்டைகளையும் பெயர்த்து எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால் வசந்தத்தில் நீரில் மிதந்து படகுகளில் மோதும்.

கரையேறிய வீட்டை அப்படியே நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது. சக்கரத்தின் உட்புறத்திலும் அச்சிலும் ஒட்டிய ஐஸைத் தட்டி எடுக்க வேண்டும், கூரையிலுள்ள பனியை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவரின் கண்ணாடியில் அது பாளமாகப் போய் விழும். குறைத்த டயர்களுக்குக் காற்றடித்து, பிரேக்கையும் பின்விளக்குகளையும் சோதித்து, சில கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்த்தால், பேரிங்கில் நீர் புகுந்திருப்பது கையில் படும் சூட்டிலேயே தெரிந்துவிடும்.